ஏறவும் மாட்டேங்குது... இறங்கவும் மாட்டேங்குது!

முட்டுக்காடு பக்கம் டூர் போனப்போ ஸ்பீடு போட்டில் ஏறியிருக்கீங்களா? ஏறின உடனே செல்ஃபிக்குப் போஸ் கொடுக்கிறதை ஒரு நிமிஷம் ஒத்திவைத்துவிட்டு, அடுத்த முறை ஒரு விஷயத்தைக் கவனிங்க. டிரைவர் ஆக்ஸிலரேட்டரைத் தள்ளின உடனே படகின் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பும். நாலைந்து விநாடி கழித்து, யாரோ தலையில் தட்டின மாதிரி அது கீழே இறங்கும். அப்புறம் படகு தண்ணியைக் கிழித்துக்கொண்டு போகாது. தண்ணிமேலே வழுக்கிக்கொண்டு போகும். இதுக்கு 'பிளேனிங்' என்று பெயர்.

கிராமத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்ப்பாங்களே... அதே கதைதான். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து போச்சு. வண்டிக்காரர் மூட்டையைக் கொஞ்சம் நகர்த்திச் சரிபண்ணுவார். மோட்டார் படகில் மூட்டையை நகர்த்த முடியாது. அதனால், பின்னாடி தொங்கும் இன்ஜினின் கோணத்தை மாற்றுகிறார்கள். ப்ரொப்பல்லர் தண்ணியைத் தள்ளுகிற திசை கொஞ்சம் மாறினால் போதும், படகின் மூக்கு ஏறும், இறங்கும். நம்ம கடற்கரை ஊர்களில் அந்த மூக்குக்கு 'அணியம்' என்று அழகான பெயரே இருக்கு. அந்த அணியத்தை ஒரு பட்டனில் ஏற்றி இறக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர்தான் 'பவர் டிரிம்'.

இந்த வாரம் நம்ம டேபிளில் இருக்கிற பேஷன்ட் அதுதான். பட்டனை அழுத்தினால் ஏறலை. சில நேரம் ஏறினால் இறங்கலை. என்ன செய்யலாம்?

ஐஸ்க்ரீமில் ஆரம்பித்த கதை

முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். படகின் பின்பக்கம் தொங்கவிடும் அவுட்போர்டு மோட்டாரை ஊரறியச் செய்தவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வளர்ந்தவர். ஏரிக்கு அந்தப் பக்கம் போய் காதலிக்கு ஐஸ்க்ரீம் வாங்கி, துடுப்புப் போட்டுத் திரும்பி வருவதற்குள் அது உருகிப்போச்சாம். அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் மோட்டார் என்று ஒரு கதை சொல்வாங்க. கதை எப்படியோ, 1909-ல் அவர் மோட்டார் விற்பனைக்கு வந்தது நிஜம்.

1959-ல் வோல்வோ பென்டா கம்பெனி 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் புது ஐட்டம் இறக்கியது. கார் இன்ஜின் மாதிரி ஒன்று படகுக்குள்ளே உட்காரும். ப்ரொப்பல்லரைச் சுமக்கும் கால் மட்டும் பின்பலகைக்கு வெளியே தொங்கும். இதுக்கு 'ஸ்டெர்ன்டிரைவ்' என்று பெயர். 1961-ல் போட்டிக்கு 'மெர்க்ரூஸர்' வந்தது. இன்றைக்கும் அமெரிக்க ஏரிகளில் ஸ்கீயிங், மீன்பிடி, குடும்ப பிக்னிக் என்று சுற்றுகிற படகுகளில் இந்த வகை ஏராளம்.

கையால் தூக்குகிற சின்ன அவுட்போர்டுக்கு இந்த ஹைட்ராலிக்ஸ் தேவைப்படாது. பெரிய மோட்டாரையோ ஸ்டெர்ன்டிரைவின் காலையோ, ஓடும்போது, தண்ணியின் தள்ளுவிசைக்கு எதிராக அசைக்கணும்னா கை பத்தாது. அங்கேதான் நம்ம பிளஸ் டூ ஃப்ரெண்ட் பாஸ்கல் என்ட்ரி கொடுக்கிறார்.

பாஸ்கல் மாமா பண்ற வேலை

மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே பரவும். இரண்டு மார்க் கேள்விக்கு எழுதிட்டு மறந்திருப்பீங்க. இப்ப கணக்குப் போடுங்க. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 10 கிலோ எடை வைத்து அழுத்துறீங்க. அந்தப் பக்கம் 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர். அதன் பரப்பு சுமார் 12.5 சதுர சென்டிமீட்டர். 125 கிலோவைத் தூக்கிடலாம்! ஓசியில் கிடைக்கலை பாஸ். அந்தப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் ஏறணும்னா, இந்தப் பக்கம் 12.5 சென்டிமீட்டர் தள்ளணும். 1795-ல் ஜோசப் பிரமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு பேட்டன்ட் வாங்கினது இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான். இன்றைக்கு நம்ம தெருவில் மண் கொட்டும் டிப்பர் லாரி, ஜே.சி.பி. கை, வாட்டர் சர்வீஸில் காரைத் தூக்கும் மேடை... எல்லாத்துக்கும் இதே குடும்பம்தான்.

படகில் பார்ட்ஸ் லிஸ்ட் ரொம்பப் பெரிசு கிடையாது. 12 வோல்ட் பேட்டரி. ஒரு சின்ன டி.சி. மோட்டார். அது சுற்றும் கியர் பம்ப். ஆயில் டேங்க். ஆயில் எந்தப் பக்கம் போகணும், எங்கே நிற்கணும் என்று தீர்மானிக்கும் வால்வுகள். ஸ்டெர்ன்டிரைவ் என்றால் காலின் இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றாக இரண்டு சிலிண்டர். மோட்டாருக்கு நேரடியாக பட்டன் வழியே கரன்ட் கொடுத்தால் பட்டன் கருகிடும். அதனால் நடுவில் ஏறுவதற்கு ஒரு ரிலே, இறங்குவதற்கு ஒரு ரிலே. அவ்வளவுதான்.

இதில் எலெக்ட்ரிக்கல் இருக்கு, ஹைட்ராலிக்ஸ் இருக்கு, மெக்கானிக்கல் இருக்கு. மூணு டிபார்ட்மென்ட்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி. குறை யார் பக்கம் என்று தெரியாமல் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுவதும் அதே மாதிரிதான்!

'பம்ப் போச்சு சார்!'

சீன் இப்படி வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம். அங்கே வண்டி நம்பர் பிளேட்டிலேயே '10,000 ஏரிகள்' என்று எழுதியிருப்பாங்க. குளிர்காலம் முழுக்க ஏரி உறைந்து கிடக்கும். படகை டிரெய்லரில் ஏற்றி, கவர் போட்டு மூடி வைத்திருப்பார்கள். பனி உருகின முதல் சனிக்கிழமை. குடும்பமே லைஃப் ஜாக்கெட்டோடு ரெடி. 'அப்' பட்டனை அழுத்தினால்... கால் அசையலை.

பக்கத்தில் நிற்பவர் உடனே தீர்ப்புச் சொல்வார். "பம்ப் போச்சு. மாத்திடுங்க!"

இங்கேதான் நீங்க கவனிக்கணும். பம்ப் இந்த ஏற்பாட்டிலேயே விலை அதிகமான ஐட்டங்களில் ஒன்று. புதுசு வாங்கி மாட்டியும் கால் அசையலைன்னா? அடுத்து ரிலே. அடுத்து சிலிண்டர். கடைசியில் பார்த்தால் துருப்பிடித்த ஒரு கம்பி முனை! இதை வெளிநாட்டு மெக்கானிக்குகள் கேலியாக 'பார்ட்ஸ் வீசுறது' என்பார்கள். பரீட்சையில் விடை தெரியாமல், எல்லா ஃபார்முலாவையும் எழுதி வைக்கிறோமே, அதே டெக்னிக். பரீட்சையில் போவது நம்ம மார்க். இங்கே போவது அடுத்தவர் காசு.

அதனால் இந்த வாரத்துக்கு ஒரே ஒரு விதி. கண்டுபிடி, அப்புறம் கழற்று!

கை வைக்கும் முன்னாடி...

ஹீரோயிஸம் வேண்டாம் ஃப்ரெண்ட்ஸ். மூணு விஷயம் முதல்ல.

ஒன்று, தூக்கி நிறுத்திய காலுக்கோ மோட்டாருக்கோ கீழே, வெறும் ஹைட்ராலிக்ஸை நம்பிக் கையோ தலையோ வைக்கக்கூடாது. நாம சோதிக்க வந்திருப்பதே அந்த ஹைட்ராலிக்ஸைத்தான். அதையே நம்பி கீழே படுத்தால் எப்படி? முட்டுக் கொடுங்க. டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்கி வைத்துக் கீழே வேலை பார்க்கிறவர்கள் முதலில் முட்டுக்கட்டை தேடுவது இதனால்தான்.

இரண்டு, பெட்ரோல் இன்ஜின் படகுக்குள் இருந்தால், மூடிய அறையில் பெட்ரோல் ஆவி தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் முன் புளோயரை 4 நிமிடமாவது ஓடவிடணும் என்று அமெரிக்கப் படகுகளில் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். வயரில் கை வைப்பதற்கும் அதே ஜாக்கிரதை வேணும்.

மூணு, ஹோஸைக் கழற்றும் முன் காலை முழுசாக இறக்கி, அழுத்தத்தை வெளியேற்றணும். அழுத்தத்தோடு பீய்ச்சும் ஆயில் மெல்லிய ஊசி மாதிரி தோலுக்குள்ளே போயிடும். பார்க்க சின்னக் கீறல் மாதிரி இருக்கும். நிஜத்தில் அது ஆஸ்பத்திரி கேஸ்.

முதல் டெஸ்ட்டுக்கு ஸ்பேனர் வேண்டாம்

காதே போதும்! ஒருத்தர் பட்டனை அழுத்தட்டும். நீங்க பம்ப் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்க. மூணு விதமான பதில் வரும்.

சத்தமே இல்லையா? ரிலே வரைக்கும் உத்தரவே வரலை. பேட்டரி, ஃப்யூஸ், பட்டன், பட்டனிலிருந்து வரும் மெல்லிய வயர்... இந்தப் பக்கம் தேடணும்.

'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து மோட்டார் சுற்றலையா? உத்தரவு வந்துடுச்சு. பெரிய கரன்ட் போகவில்லை. தடித்த கேபிள், ரிலேயின் உள் முனைகள், எர்த், மோட்டாரின் கார்பன் பிரஷ்... இங்கே தேடுங்க.

மோட்டார் ஜோராகச் சுற்றுது, கால் மட்டும் அசையலையா? எலெக்ட்ரிக்கல் பாஸ்! ஆயில் பக்கம் போங்க. இதிலும் இரண்டு ராகம் உண்டு. சுமையே இல்லாமல் 'விர்ர்ர்' என்று லேசாகச் சுற்றினால், பம்ப் தள்ள ஆயில் இல்லை, அல்லது தள்ளின ஆயில் வேறு வழியில் டேங்குக்கே திரும்புது, அல்லது மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் துண்டு உடைந்திருக்கு. மாறாக, கால் முழுசாக ஏறி முடித்த பிறகும் பட்டனை அழுத்தினால் வருமே, அந்த மாதிரி முக்கி முனகினால், அழுத்தம் இருக்கு, காலே எங்கேயோ இறுகிப் பிடிச்சிருக்கு.

பாருங்க, ஒரு நட்டுகூடக் கழற்றலை. சந்தேகப் பட்டியலில் பாதிக்கு மேல் காலி!

எலெக்ட்ரிக்கல் ஆட்கள் முன்னாடி வாங்க

முதல் டிரிக், இடமாற்றம். ஏறும் ரிலேயும் இறங்கும் ரிலேயும் பல படகுகளில் ஒரே மாதிரி இருக்கும். ஏறலை, ஆனா இறங்குது என்றால், பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றிவிட்டு இரண்டையும் மாற்றி மாட்டுங்க. இப்ப ஏறுது, இறங்கலைன்னா ரிலேதான் குற்றவாளி. அப்பவும் அதே குறை அதே இடத்தில் நின்றால், ரிலே அப்பாவி. குறை கூடவே நகர்ந்ததா, அங்கேயே நின்றதா... இந்த ஒரு கேள்வி கம்ப்யூட்டரில் ரேம் பார்ப்பதற்கும் பொருந்தும், வீட்டு ஃபேன் ரெகுலேட்டருக்கும் பொருந்தும்.

இரண்டாவது டிரிக், மெர்க்ரூஸர் வைத்திருப்பவர்களுக்கு. அந்த வகைப் படகுகள் பலவற்றில் 'அப்', 'டவுன்' தவிர 'டிரெய்லர்' என்று மூணாவது பட்டன் இருக்கும். படகு ஓடும்போது கால் அளவுக்கு மீறி ஏறக்கூடாது என்பதற்காக ஒரு லிமிட் ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். அது 'அப்' பட்டனின் பாதையில் மட்டும் குறுக்கே நிற்கும். கரையில் டிரெய்லரில் ஏற்றுவதற்குக் காலை முழுசாகத் தூக்கணுமே, அதற்காக 'டிரெய்லர்' பட்டன் இந்த ஸ்விட்சைத் தாண்டிப் போகும். ஆக, 'அப்' அழுத்தினால் அசையலை, 'டிரெய்லர்' அழுத்தினால் ஏறுது என்றால் பேட்டரி, மோட்டார், பம்ப், சிலிண்டர் எல்லாமே நிரபராதி! லிமிட் ஸ்விட்சையும் அதன் வயரையும் பாருங்க. அது படகுக்கு வெளியே, தண்ணியில் நனைந்துகொண்டு, கால் அசையும்போதெல்லாம் வளைந்து நிமிரும் வயர். அறுந்துபோவதில் ஆச்சரியம் என்ன?

மூணாவது, மல்டிமீட்டர். இதில்தான் டாப்பர்களே வழுக்கி விழுவாங்க. கன்டினியூட்டியில் வைத்து கேபிளின் இரண்டு முனையையும் தொட்டால் 'பீப்' என்று கத்தும். "கேபிள் ஓ.கே. சார்!" என்று எழுதிவிடுவோம். கொஞ்சம் பொறுங்க. பச்சை பூத்த ஒரு முனையில் 0.1 ஓம் தடை இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓம் விதி என்ன சொல்லுது? 50 பெருக்கல் 0.1... 5 வோல்ட்! 12-ல் 5 அந்த முனையிலேயே சூடாகிப் போயிடும். மீதி 7 வோல்ட்டில் மோட்டார் எப்படி முக்கும்?

அதனால், பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அளக்கணும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ், மறு முனை மோட்டாரின் எர்த். சரியான இணைப்பில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் திருடன் அந்த வழியில்தான் ஒளிந்திருக்கான். பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி. கழற்றி, தேய்த்து, இறுக்கி மாட்டினால் வேலை முடிஞ்சது. செலவு? ஒரு உப்புத்தாள்!

ஃப்யூஸைப் பார்க்கும்போதும் ஒன்றோடு நிறுத்தாதீங்க. உத்தரவுப் பாதைக்குச் சின்ன ஃப்யூஸ் தனி. மோட்டாருக்கான பெரிய ஃப்யூஸ் தனி. மெர்க்ரூஸர் பம்புகள் பலவற்றில் அது 110 ஆம்பியர், பம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கண்ணால் பார்த்தால் போதாது, மீட்டர் வைத்துப் பாருங்க.

ஆயில் பேசும்

எலெக்ட்ரிக்கல் சுத்தம் என்றால், டேங்க் மூடியைத் திறக்கணும். எந்த நிலையில் திறப்பது? ஸ்டெர்ன்டிரைவ் மெர்க்ரூஸரில் கால் முழுசாக இறங்கியிருக்கும்போது அளவு பார்ப்பாங்க. அவுட்போர்டு மோட்டார்கள் பலவற்றில், மோட்டாரை முழுசாகத் தூக்கி, பூட்டு போட்டு நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பாங்க. இறங்கிய நிலையில் மூடியைத் திறந்தால் ஆயில் முகத்தில் பீய்ச்சும். ஏன் இந்த வித்தியாசம்? சிலிண்டருக்குள் இருக்கும் தண்டு வெளியே வரும்போது, அது விட்டுப்போன இடத்தையும் ஆயில்தான் நிரப்பணும். அதனால் ஏறிய நிலையில் டேங்கில் மட்டம் குறையும், இறங்கினால் கூடும். ஆகவே உங்க மாடலின் மேனுவல் எந்த நிலையைச் சொல்லுதோ, அந்த நிலையில்தான் பார்க்கணும்.

கலரைப் பாருங்க. தெளிவாக இருந்தால் நல்லது. கேன்டீன் டீ மாதிரி பால் கலந்த நிறமா? தண்ணி புகுந்துடுச்சு. தண்ணி உள்ளே துருவை உண்டாக்கும். மினசோட்டா மாதிரி ஊரில் குளிர்காலத்தில் உறையவும் செய்யும். சீல் எங்கோ போச்சு என்பதற்கும் அது ஆதாரம். நுரை நுரையாக இருக்கா? காற்று. ஆயிலை அழுக்கினால் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் காற்று புகுந்தால் கால் ஸ்பான்ஞ் மாதிரி குதிக்கும். மட்டம் நிரப்பி, நாலைந்து தடவை முழுசாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு தடவையும் மட்டம் பார்த்தால் பெரும்பாலும் காற்று தானே வெளியேறிடும்.

முக்கியமான எச்சரிக்கை. ஹைட்ராலிக்தானே என்று கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றிடாதீங்க! கார்களில் சாதாரணமாக வரும் பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. டிரிம் ஏற்பாட்டில் இருக்கும் ரப்பர் சீல்கள் பெட்ரோலிய ஆயிலுக்காகச் செய்யப்பட்டவை. பிரேக் ஆயில் பட்டால் உப்பி, இளகி வீணாகும். மேனுவலில் சொல்லும் ஆயில் மட்டும்தான்.

ராத்திரி நின்றது, காலையில் படுத்தது

இன்னொரு வகைக் குறை உண்டு. ஏறும், ஆனா நிற்காது. ராத்திரி தூக்கி வைத்தால், காலையில் பாதி இறங்கியிருக்கும். தரையில் ஆயில் சொட்டியிருந்தால் வெளிக் கசிவு. கண்ணுக்குத் தெரியும், சுலபம். சொட்டே இல்லை, ஆனா இறங்குது என்றால் உள்கசிவு. ஆயில் எங்கும் போகலை, அழுத்தம் இருக்க வேண்டிய பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நழுவியிருக்கு.

சந்தேகப்பட வேண்டியவை மூணு. கையால் இறக்குவதற்கென்று ஒரு திருகு பல மாடல்களில் இருக்கும். அது முழுசாக இறுகாமல் இருக்கலாம், முதல்ல அதைப் பாருங்க. அடுத்தது, ஆயிலை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வு. மணல் துகள் ஒன்று உட்கார்ந்தால்கூட வால்வு மூடாது. மூணாவது, சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சீல்.

பம்ப் பக்கமா, சிலிண்டர் பக்கமா என்று பிரிக்கணுமா? பம்பில் ஹோஸ் மாட்டும் வாயில் பிரஷர் கேஜை மாட்டி, போகிற வழியை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். மேனுவலில் சொன்ன அழுத்தம் ஏறி, அங்கேயே நின்றால் பம்பும் வால்வும் நல்லா இருக்கு. குறை அந்தப் பக்கம், சிலிண்டரில். நிற்காமல் இறங்கினால் இந்தப் பக்கம். நடுவில் ஒரு சுவர் எழுப்பி, எந்த வீட்டில் சண்டை என்று கேட்பது மாதிரி!

"மெதுவா இறங்கினா என்ன பாஸ், திரும்பத் தூக்கிக்கலாமே?" என்று கேட்கலாம். இதற்கு நேர் எதிரான குறையும் உண்டு, அதுதான் ஆபத்து. படகுக்கு பிரேக் கிடையாது. கரையை நெருங்கும்போது ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்தணும். ரிவர்ஸில் ப்ரொப்பல்லர் இழுக்கும் விசை, காலை மேலே தூக்கப் பார்க்கும். கீழே பிடித்து வைக்க வேண்டிய பக்கம் பலவீனமாக இருந்தால், கால் எகிறிடும். ப்ரொப்பல்லர் தண்ணியைத் தள்ள வேண்டிய திசையில் தள்ளாது. படகு நிற்காது. முன்னாடி மரப்பாலத்தில் காலைத் தொங்கப்போட்டுக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தால்? 'சின்னக் குறைதானே' என்று யாராவது சொன்னால் இந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

வளையத்தில் இருக்கு உயிர்

சிலிண்டரைப் பிரித்தால் உள்ளே இருக்கும் முக்கிய நபர் ஒரு ரப்பர் வளையம். 'ஓ ரிங்'. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937-ல் இதற்கு அமெரிக்க பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தபோது அவருக்கு வயசு 72. அரியர் வைத்துவிட்டு 'லேட்டாயிடுச்சு' என்று புலம்புகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்! 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்களே, அதற்குக் காரணம் ராக்கெட் இணைப்பில் குளிரில் விறைத்துப்போன ஓ ரிங் சரியாக மூடாததுதான்.

படகில் இதை மாற்றும்போது மூணு பொறுமை வேணும். அதே அளவு, அதே வகை ரப்பர். பக்கத்துக் கடையில் கிடைத்த 'ஏறக்குறைய அதே' வளையம் வேண்டாம். மாட்டும் முன் அதே ஆயிலில் நனைத்துக்கொள்ளணும், காய்ந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். மூணாவதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். தண்டின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்க. துருக் குழி ஏதாவது தட்டுப்படுதா? அப்படியே விட்டால் புது சீலை அந்தக் குழி அரம் மாதிரி அறுத்திடும். இரண்டு மாசத்தில் படகு திரும்ப வரும். பழைய சீல் ஏன் போச்சு என்று கேட்காமல் புது சீல் போடுகிறவர், அதே வேலையை இரண்டாவது தடவையும் செய்யத்தான் போகிறார்.

எந்தப் பக்கத்து பில்?

இது படகு மேட்டர் மட்டும் இல்லை ஃப்ரெண்ட்ஸ். நாளைக்கு நீங்க போகப்போற வொர்க்‌ஷாப், ஃபேக்டரி, கப்பல், சாஃப்ட்வேர் கம்பெனி... எல்லா இடத்திலும் ஒரு மெஷின் மக்கர் பண்ணும். ஒருத்தர் 'அதை மாத்து' என்று சொல்வார். மாற்றுகிறவருக்கு வேலை சீக்கிரம் முடியும், பில்லும் பெரிசாகும். பில் கட்டுகிறவருக்கு அந்த மெஷினைப் பற்றித் தெரியாது, நம்மை நம்பித்தான் சாவியைக் கொடுத்திருக்கிறார். நிஜமான பரீட்சை அங்கேதான். சூப்பர்வைசர் கிடையாது, மார்க் போட ஆள் கிடையாது. "எர்த் முனையைத் தேய்த்தேன், சரியாயிடுச்சு" என்று சொல்லி, அந்த வேலைக்கு நியாயமான கூலியை மட்டும் வாங்குகிறவரிடம்தான் அடுத்த தடவையும் படகு வரும்.

இந்த வாரத்துக்கு ஹோம் வொர்க்: வீட்டில், ஹாஸ்டலில், லேபில் ஓடாமல் கிடக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்க. மேஜை ஃபேனோ, மிக்ஸியோ, எதுவானாலும் சரி. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமல் ஒரு பேப்பரை எடுங்க. கரன்ட் எங்கே நுழையுது, எதெது வழியாகப் போகுது, கடைசியில் எதை அசைக்கணும்... கோடு போடுங்க. நடுவில் ஒரு இடத்தில் விரல் வைத்து, 'இது வரைக்கும் வருதா?' என்று கேளுங்க. வந்தால் அந்தப் பக்கம், வராவிட்டால் இந்தப் பக்கம். மீதிப் பாதியிலும் அதே கேள்வி. நாலே தடவையில் பதினாறு சந்தேகம் ஒன்றாகிடும். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுங்க.

அடுத்த வாரம் வேற ஒரு மெஷினோடு சந்திப்போம்!